சிந்திக்க மூன்று நாள்

சென்ற மாதம் ஒரு நாள் சுபஹுத் தொழுகை முடித்து வீடு திரும்பியபோது, முன்கதவின் இடுக்கில் ஓர் அழைப்பிதழ் செருகப்பட்டிருந்தது. திருமண அழைப்பிதழுக்குரிய தடித்த தாள், பொன்னிற எழுத்து. நமது கரையோரத்து மண்டபம் ஒன்றில் எதிர்வரும் வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு குடும்ப விடுமுறைக் கழகத்தின் அறிமுக நிகழ்வு நடைபெறவிருப்பதாகவும், கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தால் இராப்போசனமும் இரண்டு நாள் இலவசத் தங்குமிடமும் உண்டென்றும் அதில் கண்டிருந்தது. என் மனைவி அதை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் நான்காக மடித்தார். பிறகு, "இதப் பத்தி இனியாவது எழுதுங்க" என்று மாத்திரம் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம். பிறர் ஏமாந்த செய்திகளை முப்பது வருடங்களாக எழுதியவன் நான். 2008 இறுதியில் கோல்டன் கீ நிறுவனம் சரிந்தபோது வைப்பாளர்களின் கண்ணீரை எழுதினேன். 2023 ஆகஸ்டில் எம்.ரி.எப்.ஈ. என்ற செயலி ஒரே வாரத்தில் காணாமற் போனபோது, கைத்தொலைபேசித் திரையிற் கண்ட இலாபத்தை நம்பி நகையை அடகு வைத்த இளைஞர்களைப் பற்றி எழுதினேன். அவற்றின் ஈற்றிலெல்லாம் "பொதுமக்கள் விழிப்புடன் இருத்தல் வேண்டும்" என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொள்வது என் வழக்கம். அந்த வரியை எழுதிய கையே சென்ற ஆண்டு கொழும்பில் ஒரு மண்டபத்தில் பதினொரு பக்க ஒப்பந்தமொன்றில் கையெழுத்திட்டது.

நடந்தது இதுதான். மனைவியின் கண் பரிசோதனைக்காகக் கொழும்புக்குச் சென்றிருந்தோம். ஒரு பல்பொருள் அங்காடியின் வாசலில் நின்ற யுவதியொருத்தி அதிர்ஷ்டச் சீட்டு ஒன்றை நிரப்பித் தருமாறு கேட்டாள். பெயர், தொலைபேசி இலக்கம், வயது, தொழில், கடனட்டை உண்டா இல்லையா என்பன கேட்கப்பட்டிருந்தன. எந்தப் பரிசுச் சீட்டு கடனட்டையைப் பற்றி விசாரிக்கும் என்று ஒரு பத்திரிகையாளனுக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. மறுநாள் அழைப்பு வந்தது. எங்களுக்குப் பரிசு கிடைத்திருக்கிறதாம். ஒன்றரை மணி நேரம் ஒதுக்கித் தம்பதியாக வந்தால் பெற்றுக்கொள்ளலாமாம். தனியே வந்தால் பரிசு இல்லை என்று மூன்று முறை சொன்னார்கள். "வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்து போவதற்கு இடம் வைக்கக்கூடாது என்பதற்காகவே தம்பதியாக அழைக்கிறார்கள் என்பது பின்னர்தான் விளங்கிற்று.

மண்டபத்தில் வட்ட மேசைகள் இருபது இருக்கும். பேச்சைக் கேட்பதற்குத் தலையைக் குனிய வேண்டிய அளவுக்கு இசை. எங்கள் மேசைக்கு வந்த இளைஞர் ஸலாம் சொன்னார். நல்ல தமிழ் பேசினார். என்னை "நானா" என்றழைத்தார். நமது கரையில் "காக்கா" என்போம். ஆயினும் அந்த ஒரு சொல்லில் மனம் இளகியது உண்மை. அவர் முதல் அரை மணி நேரம் எதையும் விற்கவில்லை. பிள்ளைகள் எங்கே, கடைசியாகக் குடும்பத்தோடு எங்கே போனீர்கள், உங்கள் வாப்பா உங்களை எங்கெல்லாம் அழைத்துப் போனார் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். என் வாப்பா எங்களை அழைத்துச் சென்ற ஒரேயொரு பயணம் நுவரெலியாவுக்கு. வாடகை வேன், சோற்றுச் சட்டி, பாய்கள், உறவுக்காரர் வீட்டு விறாந்தையில் படுக்கை. அதைச் சொன்னேன். "அப்ப உங்கட பிள்ளைகள் உங்களப் பத்தி என்ன ஞாபகம் வெச்சிருப்பாங்க, நானா?" என்று கேட்டார். மகன் கட்டாரில், மகள் மணமாகிச் சென்றுவிட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. விற்பனை உண்மையில் அந்த இடத்தில் முடிந்துவிட்டது. பிறகு காட்டப்பட்ட படங்களும் கணக்குகளும் சம்பிரதாயம்.

ஹலால் உணவு, பெண்களுக்குத் தனி நீச்சல் தடாகம், ஒவ்வொரு விடுதியிலும் தொழுகை அறை என்று பட்டியல் வாசிக்கப்பட்டது. முதலில் 9,75,000 ரூபா என்றார்கள். நான் தயங்கியதும் கழுத்துப்பட்டி அணிந்த "முகாமையாளர்" ஒருவர் வந்து 6,50,000 ஆக்கினார். இந்த விலை இன்றிரவு வரைதான். வாசலைக் கடந்தால் கணினி அதனை அழித்துவிடுமாம். இடையிடையே ஏதோவொரு மேசையில் மணி ஒலிக்கும்; புதிய அங்கத்தவர் சேர்ந்துவிட்டார் என்று அறிவிப்பார்கள்; மண்டபமே கைதட்டும். அஸர் நேரமாயிற்று, தொழுதுவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். பக்கத்து அறையிலேயே பாய் விரித்து வைத்திருந்தார்கள். அன்று அதை மரியாதை என்று எண்ணினேன். நாங்கள் அந்த மண்டபத்தை விட்டு வெளியே கால் வைக்காதிருக்கச் செய்த ஏற்பாடு அது என்று இன்று எண்ணுகிறேன்.

முற்பணம் இரண்டு இலட்சம். அட்டையை நீட்டும்போது மனைவி என் கையைத் தொட்டு, "இஞ்சாருங்க, இது உம்றாக் காசில்லையா?" என்று மெதுவாகக் கேட்டார். ஆம், ஏழு வருடமாக நாங்களிருவரும் சேர்த்த பணம். இளைஞர் அதையும் கேட்டுவிட்டார். "உம்றாவுக்கும் எங்கட பெக்கேஜ் இருக்கு, ராத்தா" என்றார். கையெழுத்திட்டேன். எங்களுக்காகவும் மணி ஒலித்தது. எங்களுக்காகவும் கைதட்டினார்கள்.

அன்றிரவு தெமட்டகொடையில் உறவினர் வீட்டுக் கட்டிலில் அமர்ந்து ஒப்பந்தத்தை வாசித்தேன். பதினொரு பக்கமும் ஆங்கிலம். எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்து. பணம் எந்தச் சந்தர்ப்பத்திலும் மீளளிக்கப்படமாட்டாது. விற்பனைப் பிரதிநிதி வாய்மொழியாகச் சொன்ன எதுவும் ஒப்பந்தத்தின் பகுதியாகாது. அறை வேண்டுமெனில் அறுபது நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். அதுவும் இடம் இருந்தால்தான். ஏப்ரல் விடுமுறையும் டிசம்பர் விடுமுறையும் நீங்கலாம். பாடசாலைப் பிள்ளைகள் உள்ள குடும்பம் வேறு எப்போது போகும்? தொழுகை அறையைப் பற்றியும் தடாகத்தைப் பற்றியும் ஒரு சொல்லும் இல்லை. வருடாந்தப் பராமரிப்புக் கட்டணம் 120 அமெரிக்க டொலர் என்பது ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது.

அந்த இரவில் ஓர் உறையின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன். உறுப்புரிமை பத்து வருடம். வருடத்துக்கு ஏழு இரவு. மொத்தம் எழுபது இரவு. டொலர் 300 ரூபா என்றே கொண்டாலும் பராமரிப்புக் கட்டணம் பத்து வருடத்துக்கு 3,60,000. விலையோடு சேர்த்தால் 10,10,000 ரூபா. ஓர் இரவுக்கு 14,400 ரூபாவுக்கு மேல். அதுவும் ஒரு வருடமும் தவறாமல் ஏழு இரவும் போனால். ஒன்றுவிட்ட வருடம் போனால் இது இரட்டிப்பாகும். கடந்த ஐந்து வருடத்தில் நானும் மனைவியும் விடுதியில் தங்கிய இரவுகளை விரல்விட்டு எண்ணினேன். நான்கு. அவற்றில் இரண்டு, வைத்தியத்துக்காக.

டொலரிற் குறிக்கப்பட்ட கட்டணம் என்றால் என்ன என்பதை இலங்கையர்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறக்குறைய 200 ரூபா. மே நடுப்பகுதியில் ஏறக்குறைய 360. அந்தப் பத்து வாரத்தில் 120 டொலர் என்பது 24,000 ரூபாவிலிருந்து 43,000 ரூபாவைத் தாண்டியிருக்கும். பெற்றோல் வரிசையிலும் எரிவாயு வரிசையிலும் நின்ற அந்த மாதங்களில், கடற்கரை விடுதிக்குப் பராமரிப்புக் கட்டணமும் கட்டவேண்டியிருந்திருக்கும்.

மறுநாள் காலை மண்டபத்துக்குப் போனேன். கதிரைகள் அடுக்கப்பட்டிருந்தன. வேறெவரோ ஒருவரின் திருமணத்துக்காகப் பூ அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. நேற்று இங்கே இருந்தவர்கள் எங்கே என்று காவலாளியிடம் கேட்டேன். "அவங்க ஒரு நாளைக்குத்தான் எடுத்தவங்க, சேர்" என்றார்.

அதன் பின்னர் வந்த பதினொரு வாரங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கையெழுத்திட்ட மூன்றாம் நாள், ஒப்பந்தத்தை இரத்துச் செய்வதாகப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் எழுதினேன். தொலைபேசியில் கிடைத்தவர்கள் இரத்து என்ற சொல்லையே கேளாதவர் போலப் பேசினார்கள். அதற்குப் பதிலாக மேலதிக இரவுகள் தருவதாகவும், உறுப்புரிமையை "உயர்த்தி"த் தருவதாகவும் சொன்னார்கள். வங்கியிலோ, அட்டையைக் கொடுத்து இரகசிய இலக்கத்தை அழுத்தியவர் நீங்கள்தானே, இதை மோசடிப் பரிமாற்றமாகக் கொள்ள முடியாது என்றார்கள். அவர்கள் விதிப்படி அது சரியே. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்து மூலம் முறையிட்டேன்; முறைப்பாட்டின் பிரதியொன்றை நிறுவனத்துக்கும் அனுப்பினேன். அந்தப் பிரதி போன பிறகுதான் மறுமுனையில் குரல் மாறியது. கடைசியில் "நிர்வாகச் செலவு" 60,000 ரூபாவைக் கழித்துக்கொண்டு 1,40,000 ரூபா திருப்பித் தந்தார்கள். அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. நிறுவனத்தின் பெயரை எங்கும் வெளியிடமாட்டேன் என்று கையெழுத்திட வேண்டும். இட்டேன். ஆகவே இங்கே பெயர் இல்லை. இதனை நான் பெருமையோடு சொல்லவில்லை; பணம் தேவைப்பட்டது. ஆயினும் முறையைப் பற்றி எழுதமாட்டேன் என்று நான் எங்கும் கையெழுத்திடவில்லை.

இந்த முறை நமது நாட்டில் பிறந்ததன்று. விடுமுறை விடுதியை முழுதாக வாங்க வசதியற்றவர்கள் வருடத்தில் ஒரு வாரத்தை மாத்திரம் வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் 1960களில் ஐரோப்பாவில் உருவானது. பிரெஞ்சு அல்ப்ஸ் மலையிலுள்ள சுப்பர்தெவொலுய் என்ற பனிச்சறுக்கு ஊரை அதன் பிறப்பிடங்களுள் ஒன்றாகக் குறிப்பிடுவர். 1974இல் அமெரிக்காவில் ஆர்.சி.ஐ. என்ற நிறுவனம், ஓர் ஊரில் வாங்கிய வாரத்தை வேறோர் ஊரிலுள்ள வாரத்தோடு மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டைத் தொடங்கிற்று. தமிழ்நாட்டில் 1986இல் சென்னையில் தொடங்கிய ஸ்டெர்லிங் நிறுவனம் இந்திய நடுத்தர வர்க்கத்துக்கு மலைவாசத்தலங்களில் இவ்வாறு வாரங்களை விற்றது. 1990களின் இறுதியில் நிதி நெருக்கடியிற் சிக்கியது. 2014இல் தோமஸ் குக் இந்தியாவோடு இணையப்போவதாக அறிவித்தது. இவை சட்டபூர்வமான வியாபாரங்கள் என்பதை நான் மறுக்கவில்லை. வருடந்தோறும் தவறாமற் பயணம் செய்பவர்கள், ஓய்வுபெற்று எந்த மாதத்திலும் புறப்படக்கூடியவர்கள், இவற்றால் பயனடைந்ததும் உண்டு. பிரமிட் திட்டங்களை 2005இல் வங்கிச் சட்டத்தைத் திருத்தி நமது நாடு தடை செய்தது. விடுமுறைக் கழகம் அந்த இனத்தைச் சேர்ந்ததன்று. அதை அப்படிச் சாடுவது நியாயமாகாது.

எனது குறை வேறு. நல்ல பொருளாயின் நாளைக்கும் நல்ல பொருள்தானே? அதை இன்றிரவே, இந்த மேசையிலேயே, மனைவி பக்கத்தில் இருக்கும்போதே, வாசலைக் கடப்பதற்கு முன்னரே வாங்க வேண்டும் என்பது ஏன்? விடுதியைப் பற்றி எனக்குச் சொல்லப்பட்ட பொய்கள் சிலவே. என்னிடமிருந்து பறிக்கப்பட்டது ஓர் இரவு நித்திரை. அந்த உறையின் பின்புறத்துக் கணக்கைப் போடுவதற்கான ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் கையெழுத்துக்கு முன்னர் கிடைத்திருந்தால், இக்கட்டுரைக்கு வேலையே இல்லை.

இதனை உலகின் பல சட்டமன்றங்கள் எப்போதோ விளங்கிக்கொண்டன. ஸ்பெயினின் கடற்கரைகளிலும் கனேரித் தீவுகளிலும் வெயில் காய வந்த பிரித்தானியர்கள், பரிசுச் சீட்டைச் சுரண்டக் கொடுத்து மண்டபத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு, ஊர் திரும்பிய பின் தலையிற் கைவைத்தார்கள். பிரித்தானியா 1992இல் சட்டமியற்றி, கையெழுத்திட்டவர் பதினான்கு நாளுக்குள் விலகலாம் என்றது. ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் பத்து நாள் கொடுத்தது. அது போதாதென்று கண்டு 2008இன் பணிப்புரையில் பதினான்கு நாளாக்கி, அந்த நாள்கள் கழியும் வரை ஒரு சதமும் முற்பணமாக வாங்கக்கூடாது என்றும் விதித்தது. நான் சேர்ந்தது போன்ற நீண்டகால விடுமுறைக் கழகங்களும் அந்தப் பணிப்புரைக்குள் அடக்கம். ஸ்பெயினின் உச்ச நீதிமன்றம் 2015 ஜனவரியில் ஒருபடி மேலே சென்று, ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட முடிவற்ற ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

இதனை வாசிக்கும் நம்மவர் பலர் கடல்கடந்து வாழ்கிறீர்கள். உங்களுக்காக இதையும் சொல்லி வைக்கிறேன். இலண்டனில் உங்களுக்குப் பதினான்கு நாள் உண்டு. ரொறன்ரோவில், ஒன்ராறியோ மாகாணச் சட்டப்படி, பத்து நாள். புளோரிடாவுக்கு விடுமுறையிற் சென்று அங்கே கையெழுத்திட்டுவிட்டால், அம்மாநிலச் சட்டம் பத்து நாள் தருகிறது. சிங்கப்பூரில் ஐந்து வேலை நாள்கள். விற்பனையாளர் இவற்றைப் பெரிய எழுத்திற் சொல்லமாட்டார். நாள்கள் கையெழுத்திட்ட உடனேயே ஓடத் தொடங்கிவிடும். விலகுவதாயின் எழுத்தில் விலகுங்கள்.

இனி நமது நாட்டுக்கு வருவோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் குறைவான சட்டமன்று. அதன் 30ஆம் பிரிவு நுகர்வோரை வழிதவறச் செய்யும் நடத்தையைத் தடுக்கிறது. 31ஆம் பிரிவு பொய்யான கூற்றுகளைத் தடுக்கிறது. சேவையைப் பெற்ற மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் முறையிடலாம். விசாரித்து நட்டஈட்டுக்கோ பணத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கோ உத்தரவிடும் அதிகாரம் சபைக்கு உண்டு. அதற்கு முன்னரே, 1997இல், நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் பற்றிய சட்டமொன்றும் நிறைவேற்றப்பட்டது. ஆயினும் இவற்றின்படி நான் நிரூபிக்க வேண்டியிருந்தது, அவர் பொய் சொன்னார் என்பதை. வட்ட மேசையில், இசை முழக்கத்துக்கிடையில், சாட்சியின்றிச் சொல்லப்பட்டவற்றை எப்படி நிரூபிப்பது? இலண்டனில் இருப்பவர் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. எனக்கு வேண்டாம் என்று எழுதினாற் போதும். காரணம் கேட்கப்படாத சில நாள்கள் என்ற அந்தச் சிறு ஏற்பாட்டை நமது 2003ஆம் ஆண்டுச் சட்டம் தரவில்லை.

இது மேலைநாட்டுப் பண்டம், நமக்கு இரவல் வாங்க வேண்டியது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இஷாவுக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் நடந்ததையெல்லாம் ஒரு மௌலவியிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "நம்மட கிதாபுல கியார் பாடம் ஓதினதில்லையா?" என்று கேட்டார். பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டம் பெற்றவன் நான். கியார் பாடம் ஓதியதில்லை. அவர் விளக்கியதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். பிழையிருந்தால் உலமாக்கள் திருத்தட்டும்.

கியார் என்றால் தெரிவுரிமை. விற்றவரும் வாங்கியவரும் அந்தச் சபையை விட்டுப் பிரியும் வரை, இருவரில் எவரும் வியாபாரத்தை முறித்துக்கொள்ளலாம். நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் இது ஏற்கப்பட்ட சட்டம். இதைத் தவிர, நிபந்தனை விதித்து மூன்று நாள் வரை தெரிவுரிமையை வைத்துக்கொள்ளவும் இடமுண்டு. கொடுக்கல் வாங்கலில் அடிக்கடி ஏமாற்றப்பட்ட ஹப்பான் இப்னு முன்கித் என்ற நபித்தோழரின் சம்பவம் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. வாங்கும்போதே ஏமாற்று இருக்கக்கூடாது என்று சொல்லிவிடுமாறும், மூன்று இரவுகள் தெரிவுரிமை உண்டென்றும் நபிகளார் அவருக்கு வழிகாட்டினார்கள். வாங்கிவிட்டு வருந்துபவரிடமிருந்து பொருளை மனமுவந்து திரும்பப் பெற்றுக்கொள்வதற்கு இகாலா என்று பெயர். அது நன்மை தேடித்தரும் செயலாகப் போற்றப்பட்டிருக்கிறது.

அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 1970களிற் கொண்டுவந்த விதியொன்று உண்டு. வீட்டு வாசலிலும், ஹோட்டல் அறை, வாடகை மண்டபம் போன்ற தற்காலிக இடங்களிலும் செய்யப்படும் விற்பனையை வாங்கியவர் முறித்துக்கொள்ள அது கொடுக்கும் அவகாசமும் மூன்று வேலை நாள்களே. மதீனத்துச் சந்தைக்கும் வாஷிங்டனுக்கும் இடையில் எத்தனையோ நூற்றாண்டு. மனிதன் தன் அவசரத்திலிருந்து மீள எடுக்கும் நேரம் மட்டும் மாறவில்லை போலும்.

கிதாபை ஓதாத நமது வியாபாரிகளும் இதனை நடைமுறையில் அறிந்தே இருந்தார்கள். பெருநாள் நெருங்கும்போது கல்முனைக் கடைத்தெருவில் பெண்கள் மூன்று நான்கு சாரிகளை வீட்டுக்குக் கொண்டுபோய், உம்மாவிடமும் மாமியிடமும் காட்டி, வேண்டியதை வைத்துக்கொண்டு மிகுதியைத் திருப்பி அனுப்பியதை நான் சிறுவனாகக் கண்டிருக்கிறேன். அனுப்பப்பட்டவன் பெரும்பாலும் நான்தான். முதலாளி ஒரு சொல்லும் சொல்லாமல் மடித்து மீண்டும் தட்டில் வைப்பார். மருதமுனைக் கைத்தறிச் சாரன் வாங்கினாலும், துணியை வெளிச்சத்திற் பிடித்துப் பார்க்கச் சொல்லி நெய்தவரே வாசலுக்கு அழைத்துச் செல்வார். தன் பொருளில் நம்பிக்கையுள்ளவன் வாங்குபவனை வாசலுக்கு அனுப்பப் பயப்படுவதில்லை. அந்தக் கடைகளின் பேரப்பிள்ளைகளாகிய நாம், வாசலைக் கடந்தால் விலை அழிந்துவிடும் என்று சொல்பவரிடம் ஸலாம் சொன்னார் என்பதற்காகப் பணம் கொடுக்கிறோம்.

கையெழுத்திட்டவன் பொறுப்பேற்க வேண்டும், அறிவுள்ளவன் வாசிக்காமல் ஏன் ஒப்பமிட்டான் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 60,000 ரூபாவை என் மடமைக்கான கட்டணமாகவே எழுதிவைத்திருக்கிறேன். ஆனால் பணத்தைத் திரும்பப் பெற அலைந்த நாள்களில், நமது ஊர்களிலேயே இதே போன்ற ஒப்பந்தங்களில் ஒப்பமிட்ட நால்வரை அறிந்துகொண்டேன். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், பணிக்கொடைப் பணம். ஒருவர் பதினாறு வருடம் பாலைவனத்தில் உழைத்து வந்தவர். ஆங்கிலத்தில் பதினொரு பக்கத்தை வாசித்து விளங்க அவர்களால் முடியாது. வாசித்த என்னாலேயே இரவில்தான் முடிந்தது. நால்வரும் வீட்டுக்கு வெளியே எவரிடமும் சொல்லவில்லை. ஒருவர் மனைவியைத் தவிரத் தம் பிள்ளைகளுக்கும் சொல்லவில்லை. எங்கள் ஐவரின் மௌனத்தினால்தான் அந்தப் பொன்னெழுத்து அழைப்பிதழ் துணிவோடு நமது கதவுகளைத் தேடி வருகிறது.

ஆகவே இரண்டு வேண்டுகோள். முதலாவது, நமது பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேருங்கள்: கடைக்கு வெளியே, மண்டபத்திலோ வீட்டு வாசலிலோ, செய்யப்படும் நீண்டகால ஒப்பந்தம் எதுவாயினும் குறைந்தது மூன்று நாளைக்குக் காரணம் சொல்லாமல் முறிக்கத்தக்கது, அந்த நாள்களுக்குள் முற்பணம் வாங்கலாகாது, ஒப்பந்தம் வாங்குபவரின் மொழியில் இருத்தல் வேண்டும். இதற்குப் பெரும் ஆய்வோ நிதியோ தேவையில்லை. தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்ற பேதமின்றி எல்லோர் வீட்டுக்கும் அந்த அழைப்பிதழ் வருகிறது.

இரண்டாவது, நமது ஊர் மக்களுக்கும் ஜும்ஆ மேடைகளில் ஏறுபவர்களுக்கும். சட்டம் வரும் வரை அந்த மூன்று நாளை நாமே கேட்போம். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இராப்போசனம் நன்றாகவே இருக்கும். ஆனால் அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஒப்பந்தத்தின் பிரதியைத் தாருங்கள், மூன்று நாளில் வருகிறேன் என்று சொல்லுங்கள். தந்தால், வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளைகளோடு இருந்து வாசியுங்கள். தர மறுத்தால், உங்களுக்கு வேண்டிய விடை கிடைத்துவிட்டது. ஏற்கனவே ஒப்பமிட்டவராயின், இன்றே பதிவுத் தபாலில் எழுதுங்கள்; அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்; மூன்று மாதக் கெடுவைத் தவறவிடாதீர்கள். வெட்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்த வெள்ளிக்கிழமை நான் நமது மண்டபத்தின் எதிரே இருந்த தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தேன். அறிந்த முகங்கள் மூன்று சோடி உள்ளே போவதைக் கண்டேன். இருவரைத் தடுத்து நிறுத்தி என் கதையைச் சொன்னேன், திரும்பிப் போனார்கள். மூன்றாவது தம்பதியினர், "சும்மா சாப்பாட்டுக்குத்தான் போறம், காக்கா" என்று சொல்லி உள்ளே போனார்கள். மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. அவர்கள் வெளியே வரவில்லை. உள்ளேயே பாய் விரித்திருப்பார்கள்.